தொட்டிப் பாசியும் ஒரு பச்சைப் பொய்யும்

எங்கள் வீட்டில் என் சொல் எடுபடுகிற இடம் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரம். அதற்குள்ளும் தண்ணீர்தான். உப்புத் தண்ணீர்.

அந்தக் கண்ணாடித் தொட்டியை ஹாலில் ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்த அன்று நான் ஒரு பிரகடனம் செய்தேன்.

“இதோ பாரு. இந்த வீட்டுல மத்ததெல்லாம் உன் இஷ்டம். இந்தத் தொட்டி மட்டும் என் ராஜ்யம். மீன், மணல், கல்லு, லைட்டு எல்லாத்துலயும் நான் வச்சதுதான் சட்டம். வேற யாரும் கை விடக் கூடாது.”

என் மனைவி தொட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் தொட்டியைப் பார்த்தாள்.

“நல்லா நடத்துங்க,” என்றாள்.

பதினோரு வருட அனுபவத்தில் சொல்கிறேன். அவள் சண்டைக்கு வந்தால் எனக்குப் பாதித் தோல்வி. ஒத்துக்கொண்டால் முழுத் தோல்வி. அன்றைக்கே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

தொட்டியில் குடித்தனம் நான்கு பேர். கோமாளி மீன் இரண்டு, நத்தை ஒன்று, ஓட்டுக்குள் குடியிருக்கும் நண்டு ஒன்று. மீன்களில் பெரியது பெண், சின்னது ஆண். இந்த இனத்தில் நிர்வாகம் முழுக்கப் பெரியதுதான் என்று மீன் விற்ற கடைக்காரர் சொல்லியிருந்தார். பெரியது முன்னால் போகும். சின்னது நாலு விரற்கடை தள்ளிப் பின்னால் போகும். பெரியது திரும்பிப் பார்த்தால் சின்னதுக்கு உடம்பெல்லாம் ஒரு நடுக்கம். எனக்கு அதன் மேல் முதல் நாளே பாசம் வந்துவிட்டது.

பாசம் வந்த இரண்டாம் மாதம் பாசி வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தரை துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, “என்னங்க, உங்க ராஜ்யத்துல யாரோ ஊடுருவிட்டாங்க,” என்றாள்.

போய்ப் பார்த்தேன். மணலின் ஒரு மூலையில் படலமாக ஏதோ படிந்திருந்தது. “இதெல்லாம் சகஜம்,” என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டு, மொட்டை மாடிக்கு ஓடிப்போய்க் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

அவரை எல்லோரும் திமிங்கிலம் என்றுதான் கூப்பிடுவார்கள். உருவம் அப்படி. கடை, பஸ்ஸில் மூன்று மணி நேர தூரம். அதனால் எங்கள் வைத்தியமெல்லாம் போனில்தான்.

“பாசியா? பயப்படாதீங்க சார். பாசியில பத்து தினுசு இருக்கு. ஆளு யாருன்னு தெரிஞ்சாப் போதும், அடக்கிடலாம். என்ன கலர்?”

நான் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

“சார்? லைன்ல இருக்கீங்களா? என்ன கலர்னு கேட்டேன்.”

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். எனக்கு நிறம் தெரியாது. கறுப்பு வெள்ளை தெரியும். மஞ்சளும் நீலமும் தெரியும். சிவப்பு, பச்சை, பழுப்பு மூன்றும் எனக்கு ஒரே முகஜாடை உள்ள அண்ணன் தம்பிகள். யார் மூத்தவர் யார் இளையவர் என்று அவர்களாகவே சொன்னால்தான் உண்டு. ‘கறுப்பா சிவப்பான்னே தெரியாது’ என்று மற்றவர்கள் பேச்சுக்குச் சொல்வார்கள். எனக்கு அது பிழைப்பு.

இருபத்திரண்டு வயதில் கப்பல் வேலைக்கு மனுப்போட்டேன். எல்லாத் தேர்விலும் தேறினேன். கடைசியில் ஒரு டாக்டர் புள்ளி புள்ளியாக ஒரு புத்தகத்தை விரித்து, “இதில் என்ன எண் தெரிகிறது?” என்றார். “எண்ணா? எங்கே சார்?” என்றேன். என் கப்பல் அங்கேயே தரை தட்டியது. கடல் என்னை வேண்டாம் என்றுவிட்டது. அதனால்தான் இத்தனை வருடம் கழித்து நான் கடலை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இப்போது அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து. நிம்மதி. சிவப்புப் பேனாவை மட்டும் மூடியைக் கடித்து அடையாளம் வைத்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் மெய்ப்புத் திருத்துகிற நான், வீட்டில் மட்டும் மெய் சொன்னதில்லை.

காரணம் இருக்கிறது. என் மனைவி துணிக்கடையில் நூல் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். சுவர் முழுக்க நூல்கண்டு. முந்நூற்றுப் பன்னிரண்டு நிறம். கிளிப்பச்சையில் மட்டும் ஏழு சகோதரிகள். கல்யாணப் பேச்சு நடந்தபோது, “உங்களுக்குப் பிடிச்ச கலர் எது?” என்று கேட்டாள். உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு ஞாபகம் வந்தது. “பச்சை,” என்றேன். பச்சைப் பொய் என்கிறார்களே, அது இதுதானா என்று எனக்குத் தெரியாது. நிறம் தெரியாதே!

“கொஞ்சம் வெளிச்சம் சரியில்ல. பாத்துட்டுச் சொல்றேன்,” என்று போனை வைத்தேன். புத்திசாலித்தனமாக ஒரு படம் எடுத்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

“என்ன சார், ஆகாயத்தைப் புடிச்சு அனுப்பியிருக்கீங்க? அந்த லைட்டுல படம் எடுத்தா எல்லாம் நீலமாத்தான் விழும். கண்ணால பாத்துச் சொல்லுங்க.”

கண்ணால்! சரி, இன்னொருத்தர் கண்ணை இரவல் வாங்க வேண்டியதுதான்.

“நீ எத்தனை வருஷமா நூல் பிரிவுல இருக்க?” என்று மனைவியிடம் போனேன்.

“பதினாலு.”

“அப்போ ஒரு சின்னப் பரீட்சை. அந்தப் பாசி என்ன கலர்? சொல்லு பாப்போம்.”

“ஏன், உங்களுக்குத் தெரியலையா?”

“தெரியாம என்ன? நான் மனசுல ஒண்ணு நினைச்சிருக்கேன். நீயும் அதையே சொல்றியான்னு பாக்கறேன்.”

“நீங்க நினைச்சதேதான்.”

“நான் என்ன நினைச்சேன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“பதினோரு வருஷமா கூடவே இருக்கேனே.”

“அப்போ சொல்லு, நான் எதை நினைச்சேன்?”

“நினைச்சவர்தானே சொல்லணும்?”

“நான் சொன்னா நீ மாத்திச் சொல்லுவ.”

“சொல்லாததை நான் எப்படிங்க மாத்த முடியும்?”

எனக்குத் தலை சுற்றியது. எந்தப் பக்கம் போனாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறேன். “பழுப்புதானே?” என்று குத்துமதிப்பாக எறிந்தேன்.

“நீங்க பழுப்புன்னா பழுப்பு. உங்க ராஜ்யம்,” என்று துடைப்பத்தோடு போய்விட்டாள்.

திமிங்கிலத்திடம் பழுப்பு என்றேன். அவர் சிரித்தார். “இவ்வளவுதானா! புதுத் தொட்டியில வர்ற பழுப்பு மாவுப் பாசி சார் அது. நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். மூணு வாரத்துல தன்னால போயிடும்.”

ஒன்றும் பண்ணாமல் இருப்பது! நான் வாழ்க்கையில் மிகச் சிறப்பாகச் செய்யக்கூடிய ஒரே வேலை. மூன்று வாரம் உட்கார்ந்து அதைச் செய்தேன்.

பாசி போகவில்லை. பாய் விரித்தது. மணலெல்லாம் படர்ந்து, கல்லில் ஏறி, மேலே முத்து முத்தாகக் குமிழி விட்டது. இதற்கிடையில் கற்கள் மேல் இன்னொரு சங்கதியையும் கண்டுபிடித்தேன். வட்ட வட்டமாக, தேமல் மாதிரி, கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. அடடா, பங்காளி! மாவுப் பாசி மணலில், இது கல்லில்! காலாவதியான என் நூலக அட்டையை எடுத்துத் தினமும் அச்சகம் போகும் முன் கால் மணி நேரம் சுரண்டினேன். வர மாட்டேன் என்றது. விடுவேனா? நகம் உடைந்தது. வீரம் உடையவில்லை.

ஆனால் சந்தேகம் மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது. பழுப்புதானா? மாடி வீட்டில் ஓய்வுபெற்ற ஓவிய வாத்தியார் ஒருவர் இருக்கிறார். அவரைத் தேநீருக்குக் கூப்பிட்டுத் தொட்டிக்கு எதிரில் உட்கார வைத்தேன்.

“எங்க தொட்டியைப் பத்தி என்ன நினைக்கிறீங்க சார்? குறிப்பா அந்தக் கலர்?”

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். “ஆஹா! தம்பி, இது சாதாரண நிறம் இல்ல. இதுல மாந்தளிர் இருக்கு. அந்தி வானத்தோட கடைசி அஞ்சு நிமிஷம் இருக்கு. ஓரத்துல லேசாத் துரு.”

“சுருக்கமாச் சொல்லுங்க சார். சிவப்பா, பச்சையா, பழுப்பா?”

“அப்படி ஒரே வார்த்தையில அடைச்சா, அது நிறத்துக்குச் செய்ற துரோகம்.”

“சின்னத் துரோகம்தானே சார். செஞ்சிடுங்க.”

“என் கட்டை வேகற வரைக்கும் செய்ய மாட்டேன்.” திடீரென்று அவர் முகம் மாறியது. “அந்தக் கல்லு மேல இருந்ததை யாரு சுரண்டினது?”

“நான்தான் சார். பாசி.”

“பாசியா! போன மாசம் ஜன்னல் வழியாப் பாத்தேனே. கத்தரிப்பூவும் ரோஜாவும் கைகோத்த மாதிரி... உனக்குக் கண்ணு இருக்கா தம்பி?”

மிகச் சரியான கேள்வி. நான் பதில் சொல்வதற்குள் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு மாடியேறிவிட்டார்.

வேறு வழியில்லை. கேட்டதை அப்படியே திமிங்கிலத்திடம் ஒப்பித்தேன். “மாந்தளிர், அந்தி வானம், கொஞ்சம் துரு.”

“சார், நான் கேட்டது பாசி. நீங்க சொல்றது கவிதை.”

அந்த வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது, சின்ன மீன் மேல் தண்ணீரில் தனியாக நின்றுகொண்டிருந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. செவுள் படபடவென்று அடித்துக்கொண்டது. சாப்பாடு போட்டேன், திரும்பிப் பார்க்கவில்லை. பெரியது அதன் விலாவில் மெல்ல முட்டி முட்டிப் பார்த்தது. அதற்கும் அசையவில்லை.

ராஜ்யமாவது மண்ணாவது! ஒரு கையளவு உயிர், என்னை நம்பி வந்தது. அதற்கு என்ன வியாதி என்று பார்க்கக்கூட வக்கில்லாத கண் எனக்கு. செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மனைவி வந்தாள். பையை வைத்தாள். மீனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை ‘நல்லா நடத்துங்க’ என்று சொல்லவில்லை.

“சட்டைக் கையை மடக்குங்க,” என்றாள்.

“எதுக்கு?”

“மடக்குங்க. கையை உள்ள விடுங்க. மணல் மேல இருக்கறதை ரெண்டு விரலால மெதுவாத் தூக்குங்க. எப்படி வருது?”

“தோல் மாதிரி... ஒரே ஏடா உரிஞ்சு வருது.”

“வழவழன்னு இருக்கா?”

“ஆமா. கொழகொழன்னு.”

“அப்போ அது மாவுப் பாசி இல்ல. அது தூசி மாதிரி இருக்கும், விரல் பட்டதும் பறக்கும். இது ஏட்டுப் பாசி. தன்னாலல்லாம் போகாது. நாமதான் உறிஞ்சி எடுக்கணும். இப்போ அந்தப் பின்னாடிக் கல்லைத் தடவுங்க. தலைமுடி மாதிரி நூல் நூலா மாட்டுதா?”

“கொஞ்சம் மாட்டுது.”

“அது முடிப் பாசி. கையால பிடுங்கிடலாம். இப்போ முன்னாடிக் கல்லு. நகத்தால சுரண்டினா?”

“வர மாட்டேங்குது. கல்லோட கல்லா இருக்கு.”

“கையை எடுங்க! அதுதான் நல்லது. கடல் கல்லுக்கே அதுதான் அழகு. தொட்டி நல்லா இருந்தாத்தான் அது வளருமாம். அதைத்தான் நீங்க மூணு வாரமா அட்டையால சுரண்டிக்கிட்டு இருக்கீங்க.”

வேண்டியதைச் சுரண்டி, வேண்டாததைச் சீராட்டி வளர்த்திருக்கிறேன். “இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?”

“திமிங்கிலத்துக்கு எனக்கும் போன் பண்ணத் தெரியும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை சாப்பாடு போடறீங்க?”

“காலையில ஒண்ணு. கிளம்பறப்போ ஒண்ணு. வந்ததும் ஒண்ணு. அப்புறம் சின்னது பாவமாப் பாக்கும், அப்போ ஒண்ணு.”

“அது எப்பவும் பாவமாத்தான் பாக்கும். ஆம்பளை. மிச்சம் விழறதைத் தின்னுதான் இதெல்லாம் கொழுக்குது. லைட்டு?”

“காலையில ஆறு மணியில இருந்து படுக்கப் போற வரைக்கும்.”

“எட்டு மணி நேரம் போதும். தண்ணி?”

“குழாய்த் தண்ணியில உப்பு கலந்து...”

“அதுதான் பாசிக்கு விருந்து. இனிமே வடிகட்டின தண்ணி. அந்தப் பம்பை இப்படித் திருப்புங்க, அந்த மூலையில தண்ணி அசையவே இல்ல பாருங்க.”

சமையலறைக் கதவுக்குப் பின்னால் இரண்டு வாளியில் வடிகட்டின தண்ணீர் முந்தின நாளே உப்புக் கலந்து தயாராக இருந்தது. எப்படி, ஏன் என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. அவள் குழாயைப் பிடித்தாள், நான் உறிஞ்சினேன். முதல் மிடறு என் வாய்க்குள் போனது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்வார்கள். அந்த உப்பை நான் உயிருள்ளவரை மறக்க மாட்டேன். ஏடு ஏடாகப் பாசி வாளிக்குள் வந்து விழுந்தது. முடிப் பாசியைப் பழைய பல் துலக்கியால் சுருட்டிச் சுருட்டி எடுத்தோம். ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொண்டு, ஒரே தொட்டிக்குள் நான்கு கை.

மறுநாள் சின்னது கீழே இறங்கியது. சனிக்கிழமை ஒரு பருக்கை தின்றது. கொஞ்சம் திரும்பி வந்த பாசியை மறுபடி உறிஞ்சினோம். ஞாயிற்றுக்கிழமை காலை மணல் வெள்ளையாக இருந்தது. வெள்ளை எனக்குத் தெரியும். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

அப்போதுதான் பொறி தட்டியது. வியாழக்கிழமை அவ்வளவு பேசினாளே, ஒரு தடவையாவது நிறத்தின் பெயரைச் சொன்னாளா? தோல், ஏடு, தலைமுடி, கல். எல்லாம் தொட்டுப் பார்க்கிற சமாசாரம்! யோசிக்க யோசிக்க வேர்த்தது. என் சட்டையும் பேண்ட்டும் எப்போதும் ஜோடியாகவே மடித்திருக்கும். மாத்திரைப் பட்டையில் ரப்பர் பேண்ட் போட்டது காலைக்கு, போடாதது மாலைக்கு. பதினோரு வருடத்தில் ‘அந்தச் சிவப்புப் பையை எடுங்க’ என்று அவள் சொன்னதே இல்லை. ‘ஜிப் அறுந்த பை’ என்பாள்.

தெரியுமா? தெரியாதா? தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிறாளா? தெரியாமலே தெரிந்த மாதிரி நடக்கிறாளா? அல்லது அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது என்பதுதான் அவளுக்குத் தெரியுமா? மத்தியானம் வரை இந்தச் சேற்றில் உழன்றேன். கடைசியில் முடிவுக்கு வந்தேன். பாவம், அவளுக்குத் தெரியாது. கள்ளமில்லாத மனசு, தானாகவே அப்படி அமைந்திருக்கிறது. நான்தான் அயோக்கியன். சொல்லிவிட வேண்டும்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். உக்காரு.”

“உக்காந்துதான் துணி மடிக்கிறேன். சொல்லுங்க.”

“எனக்கு... சிவப்பு, பச்சையெல்லாம் தெரியாது. பிறந்ததுல இருந்தே. மறைச்சிட்டேன்.”

மடித்துக்கொண்டிருந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

“பதினோரு வருஷம்!” என்றது துண்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.

“அழாதம்மா.”

“எத்தனை சேலை கட்டினேன்! எத்தனை தடவை ‘நல்லா இருக்கு’ன்னு சொன்னீங்க!”

“நல்லாத்தானே இருந்துச்சு.”

தோள் இன்னும் அதிகமாகக் குலுங்கியது. நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “என்ன பரிகாரம் வேணும்னாலும் கேளு. செய்றேன்.”

குலுக்கல் நின்றது.

“பெருசா ஒண்ணும் வேணாங்க. இனிமே கலர் விஷயத்துல மட்டும் நான் சொல்றதைக் கேளுங்க. எழுதிக் குடுத்தாப் போதும்.”

அவ்வளவுதானா! நாலு சட்டை, இரண்டு திரைச்சீலை. தாளும் பேனாவும் அவள் பக்கத்திலேயே இருந்தன. ‘கலர் விஷயத்தில்’ என்று எழுதினேன். நடை சரியில்லை. தொழில் புத்தி விடுமா? அடித்துவிட்டு, ‘நிறமுள்ள பொருள்கள் அனைத்தைப் பற்றியும் என் மனைவியின் முடிவே இறுதியானது’ என்று திருத்தி, ஒற்று விட்டுப்போகாமல் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன். அருமையான வாக்கியம்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஓர் ஏணி. ஏணிக்குப் பின்னால் என் மனைவியின் தம்பி. வீடுகளுக்கு வர்ணம் அடிப்பது அவன் தொழில். ஹாலுக்கு வர்ணம் அடிக்க வேண்டும் என்று இரண்டு வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நிறம் தேர்ந்தெடுக்கச் சொல்வாளே என்ற பயத்தில் நானும் இரண்டு வருடமாகத் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன்.

“என்ன மாப்ளே, திடீர்னு?”

“திடீர்னு இல்ல மாமா. அக்கா பத்து நாள் முன்னாடியே சொல்லிட்டாங்க. ‘உங்க மாமா ஞாயித்துக்கிழமைக்குள்ள உண்மையைச் சொல்லிடுவாரு, நீ திங்கக்கிழமை ஏணியோட வந்துடு’ன்னு.”

“என்ன உண்மை?”

“அதான் மாமா, உங்களுக்குக் கலர் தெரியாதுங்கறது. கல்யாணமான மறு வாரமே வீட்ல எல்லாருக்கும் தெரியுமே! செங்கல் கலர் சேலையில நின்ன அக்காவைப் பாத்து, ‘பச்சை உனக்கு எடுப்பா இருக்கு’ன்னீங்களாம்ல?”

என் சாயம் வெளுத்தது. என்ன சாயம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

உள்ளே ஓடினேன். “நேத்து அழுதியே?”

“அழுதேன்னு யாரு சொன்னா?” என்றாள். துண்டு கையிலேயே இருந்தது.

“சரி, சுவர் உன் இஷ்டம். ஆனா தொட்டியில...”

முந்தானையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தாள். “‘நிறமுள்ள பொருள்கள் அனைத்தைப் பற்றியும்.’ நீங்களே திருத்தினது. மீனுக்குக் கலர் இருக்கு. மணலுக்கு இருக்கு, கல்லுக்கு இருக்கு. பாசிக்கு இருக்கறதைப் பத்திச் சொல்லவே வேணாம்.”

“அப்போ எனக்குன்னு இதுல எதுவுமே இல்லையா?”

அவள் உண்மையாகவே யோசித்தாள். சமையலறைக்குப் போய், இரண்டு காலி வாளிகளைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள்.

“தண்ணிக்குக் கலர் கிடையாதுங்க. வாரா வாரம் அதை நீங்களே மாத்துங்க.”